போலீஸ் மீது புகார்... விசாரிப்பது யார்? 170 ஆண்டுகளுக்கு முன்பே மல்லுக்கட்டிய லட்சுமிநரசு செட்டி!

1850-களில் காவிரி டெல்டாவில் ஒரு விவசாயி நிலவரி பாக்கி வைத்தால், வசூலிக்க வருபவர் தாசில்தாரின் ஆள். அடித்துவிட்டால் போலீஸில் புகார் சொல்லலாமே? அங்கேதான் சிக்கல். அந்த ஊர் போலீஸுக்கும் தலைவர் அதே தாசில்தார்தான். 1816-ல் கிழக்கிந்திய கம்பெனி போட்ட சட்டம், தஞ்சை உட்பட சென்னை மாகாணம் முழுக்க வரியையும் போலீஸையும் ஒரே கையில் கொடுத்திருந்தது.

இதை வெளியே கொண்டுவந்தவர் காசுலு லட்சுமிநரசு செட்டி.

யார் இவர்?

1806-ல் சென்னையில் பிறந்தவர். துணி, அவுரி வியாபாரத்தில் நல்ல காசு பார்த்த குடும்பம். 1844-ல் 'கிரசென்ட்' என்ற ஆங்கிலப் பத்திரிகையைத் தொடங்கினார். 1852-ல் சென்னை சுதேசி சங்கத்தை உருவாக்கினார். காங்கிரஸ் கட்சி பிறக்க இன்னும் 33 ஆண்டுகள் இருந்தன.

சங்கம் லண்டன் பார்லிமென்டுக்கு மனு அனுப்பியது. 1853-ல் டேன்பி சீமோர் என்ற எம்.பி. சென்னைக்கே வந்தார். செட்டி அவரை மாகாணத்துக்குள் அழைத்துப்போய் நிலைமையைக் காட்டினார். விரல்களை நசுக்கும் கிட்டி, ஆளை மடக்கி வளைத்துக் கட்டும் அண்ணாந்தாள்... வரி பாக்கிக்காக நடந்த சித்திரவதைகள் இவை. அடுத்த ஆண்டே சீமோர் பார்லிமென்டில் இதைப் போட்டு உடைத்தார்.

கமிஷன் என்ன செய்தது?

1854-ல் மூன்று பேர் கமிஷன் அமைந்தது. அதில் ஒருவர் எலியட், சென்னை போலீஸ் தலைவரே! (பெசன்ட் நகர் எலியட்ஸ் பீச் இவர் பெயரில்தான் என்பார்கள்.) புகார் கொடுக்க மூன்று மாதம்தான் அவகாசம். சென்னை வரை போய்வர காசும் வேணும், ஊர் திரும்பினால் அதே தாசில்தார் முகத்தில் விழிக்கவும் வேணும். அப்படியும் ஏறத்தாழ 2,000 புகார்கள் குவிந்தன.

சித்திரவதை நடப்பது உண்மை என்று 1855-ல் அறிக்கை ஒப்புக்கொண்டது. ஆனால் பழி முழுக்க கீழ்மட்ட இந்திய ஊழியர்கள் தலையில் விழுந்தது. வெள்ளைக்கார கலெக்டர்கள் தப்பித்தார்கள். இந்த அறிக்கையை வைத்து 1857-ல் நியூயார்க் பத்திரிகை ஒன்றில் கட்டுரை எழுதியவர் யார் தெரியுமா? கார்ல் மார்க்ஸ்!

ஒரு பலன் நிஜமாகவே கிடைத்தது. 1859-ல் வந்த சென்னை போலீஸ் சட்டம் வரி வசூலையும் போலீஸையும் பிரித்தது. செட்டி 1863-ல் சட்டமன்ற உறுப்பினரானார். பொதுவேலைக்கே சொத்தைக் கரைத்துவிட்டு, 1868-ல் வறுமையில் இறந்தார்.

இப்போ என்ன நிலை?

போலீஸ் மீதான புகாரை விசாரிக்கும் மாவட்ட ஆணையத்துக்கு ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி தலைவராக இருக்கணும் என்று 2006-ல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. தமிழகம் 2013-ல் போட்ட சட்டத்தில் நீதிபதி இல்லை. மாநில அளவில் உள்துறைச் செயலாளர் தலைவர், டிஜிபி உறுப்பினர். மாவட்டத்தில் எஸ்.பி. உறுப்பினர். அதாவது ஒரத்தநாட்டில் அடிபட்ட ஒருவர் மனு கொடுத்தால், அடித்த காவலரின் மேலதிகாரியும் அந்தக் குழுவில் உட்கார்ந்திருப்பார். குழுவுக்குத் தலைவர், தஞ்சாவூர் கலெக்டர்.