நீருக்கு அஞ்சிய சிறுவன்

அஞ்சினவனைக் குஞ்சும் வெருட்டும் என்பது நம் ஊர்ப் பழமொழி. சிற்றோடையைக் கண்டாலே வெருண்டு நின்ற சிறுவன் ஒருவன், வளர்ந்து ஆளாகி ஒரு பெரிய நாட்டிற்கே கடற்படை கண்டான் என்றால் நம்ப முடிகிறதா? நம்பத்தான் வேண்டும். அவர்தாம் ரஷ்ய நாட்டை ஆண்ட மகா பீட்டர்.

பீட்டர் 1672-ஆம் ஆண்டு மாஸ்கோவில் பிறந்தார். நான்கு வயது நிரம்பும் முன்னரே தந்தையை இழந்தார். ஐந்து வயதில் ஒருநாள் தாயின் மடியில் உறங்கியவாறு வண்டியில் சென்றாராம். வண்டி ஓர் அணையைக் கடந்தது. கீழே பாயும் வெள்ளத்தின் பேரிரைச்சல் குழந்தையைத் திடுக்கிட்டு எழச் செய்தது, காய்ச்சலும் கண்டது. காய்ச்சல் தீர்ந்தது, அச்சம் தீரவில்லை. அவரைப் பற்றிய செய்திகளைப் பிற்காலத்தில் தொகுத்தவர்கள் கூறும் கதை இது. ஓடையைக் கடக்க நேர்ந்தால்கூட அவருக்கு உடல் வேர்த்துக் கைகால் இழுத்துக்கொள்ளும் என்று பிரெஞ்சு அறிஞர் வால்தேரும் எழுதியிருக்கிறார்.

இந்த அச்சம் எப்படி அகன்றது? மருந்தாலும் அன்று, மந்திரத்தாலும் அன்று. பீட்டருக்குப் பதினான்கு வயது இருக்கும்போது, அவரை வளர்க்கும் பொறுப்பேற்றிருந்த போரிஸ் கோலித்சின் என்னும் பிரபு, வேட்டைக்கென்று அழைத்துச் சென்று ஓர் ஆற்றங்கரையில் நிறுத்தினாராம். உடன் வந்தோர் ஆற்றில் இறங்கிக் குளித்துக் களித்தனர். இளவரசருக்கு முதலில் சினம் பொங்கியது. பின்னர் நாணம் வந்தது. மற்றவர் மகிழ்ந்து ஆடும் நீரில் தாம் மட்டும் இறங்காதிருப்பதா? இறங்கினார். அருவருப்பை அடக்கிக்கொண்டு தாமே நீரில் பாய்ந்து பழகினார் என்பதும், வெறுப்பே பின்னர் பெருவிருப்பாய் மாறியது என்பதும் வால்தேர் தரும் செய்தி.

அந்த விருப்பம் வளர ஒரு பழம் படகு துணை செய்தது. 1688-இல் இஸ்மாய்லவோ என்னும் சிற்றூரில், பழம்பொருள்கள் குவிந்த கிடங்கொன்றில் அது மக்கிக் கிடந்தது. காற்றை எதிர்த்தும் செல்லவல்ல பாய்மரப் படகு என்று கேட்டதும் பீட்டர் வியந்தார். பிராண்ட் என்னும் டச்சுக்காரர் அதைச் செப்பனிட்டார். யாவுசா ஆறு குறுகலாயிருந்தது. படகு கரையில் முட்டியது. குளத்திற்குக் கொண்டுபோனார், குளமும் போதவில்லை. பிளெஷ்செயெவோ ஏரிக்குச் சென்றார். 1693-இல் ஆர்க்காங்கெல்ஸ்க் துறைமுகத்தை அடைந்து கடலையே கண்டார். மறு ஆண்டு வெண்கடலில் புயல் சுழற்றியடித்தது. கப்பல் கவிழாமல் தப்பியதே பெரிது. கரை சேர்ந்தவர் கடலுக்குக் கும்பிடு போட்டுவிட்டு ஓடினாரா? இல்லை. தம் கையாலேயே மரச்சிலுவை ஒன்று செய்து, கரையேறிய இடத்தில் நட்டுவிட்டு, மீண்டும் கடலேறினார்.

1697-இல் பெயரை மறைத்துக்கொண்டு ஹாலந்து சென்றார். நாடாளும் மன்னர், ஆம்ஸ்டர்டாம் கப்பல் தளத்தில் கோடரி ஏந்தித் தச்சருள் தச்சராய் வேலை செய்தார். 1703-இல் நேவா ஆற்றின் முகத்துவாரத்தில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகருக்குக் கால்கோளிட்டார். 1714-இல் அவருடைய படை ஹாங்கோ முனையருகே சுவீடன் கப்பல்களை வென்றது. 1721-இல் பால்டிக் கரை அவருக்கு உறுதியாயிற்று.

ஒன்றை மறைக்கலாகாது. தம் அச்சத்தை வென்ற அவர், பிறர் நெஞ்சில் அச்சத்தை விதைத்தவர். புதிய நகரின் சதுப்பு நிலத்தில் வேலைக்கு இழுத்து வரப்பட்ட ஏழை மக்கள் பலர் மாண்டனர். பெற்ற மகன் அலெக்சி, வதைக்கப்பட்டு 1718-இல் சிறையிலேயே இறந்தான். வீரம் வேறு, இரக்கம் வேறு. முன்னதைப் பெற்றவர் பின்னதையும் பெற்றிருந்தால் எவ்வளவு நன்றாயிருந்திருக்கும்!

எனினும் அவர் முடிவைப் பற்றியும் ஒரு கதை உண்டு. 1724-ஆம் ஆண்டின் பிற்பகுதியில், லாக்தா என்னும் இடத்தருகே தரைதட்டிய படகில் வீரர் சிலர் தத்தளித்தனராம். மன்னர் பனிபோன்ற நீரில் இடுப்பளவு இறங்கி அவர்களைக் காத்தாராம். சில வாரங்களில், 1725-இன் தொடக்கத்தில், 52 வயதில் மறைந்தார். நெடுநாள் வருத்திய சிறுநீர் நோயே அவர் உயிரைக் கொண்டது என்பதால், இக்கதையை ஆராய்ச்சியாளர் பலர் ஏற்பதில்லை. ஆயினும், ஓடைக்கு அஞ்சிய சிறுவனைப் பற்றி மக்கள் இப்படியொரு கதை சொல்லும் நிலை வந்ததே, அதுவன்றோ வெற்றி!

அந்தப் பழம் படகு இன்றும் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் கடற்படை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ரஷ்யக் கடற்படையின் பாட்டன் என்று அதைப் போற்றுகின்றனர்.

நண்பர்களே, ஊரைவிட்டு நெடுந்தொலைவு வந்து படிக்கிறோம். புதிய மொழி, புதிய மேடை, புதிய முகங்கள் என நமக்கும் ஆளுக்கோர் ஆறு குறுக்கே ஓடுகிறது. கரையில் நின்றுகொண்டே நீந்தக் கற்றவர் உலகில் ஒருவரும் இல்லை. முதலில் கணுக்கால் நனையட்டும்.