செம்போடு மல்லாடிய எடிசன்

அமெரிக்காவில் மிலான் என்ற சிற்றூரில் 1847-ம் ஆண்டு தாமஸ் ஆல்வா எடிசன் பிறந்தார். பள்ளிக்கூடத்தில் அவர் படித்தது சில மாதங்களே. தாயார் வீட்டிலேயே பாடம் சொல்லிக் கொடுத்தார். 12 வயதில் ரயிலில் பத்திரிகையும் மிட்டாயும் விற்றார்.

1879-ல் எடிசன் செய்த மின்சார விளக்கு உலகப் புகழ் பெற்றது. ஆனால், விளக்கு மட்டும் இருந்தால் போதுமா? வீட்டுக்கு வீடு மின்சாரம் போக வேண்டுமே! அதற்குச் செம்புக் கம்பி வேண்டும். செம்போ விலை அதிகம்.

செம்புக் கணக்கு

கம்பியில் அதிக மின்சாரம் ஓடினால் கம்பி சூடாகும், மின்சாரம் வீணாகும். அதைத் தடுக்கக் கம்பி தடிமனாக இருக்க வேண்டும். ஊர் முழுவதும் தடித்த கம்பி போட்டால் செலவு தாங்காது!

எடிசன் கணக்குப் போட்டார். விளக்குக்குள் நூல் போன்ற மெல்லிய கரி இழையை வைத்தார். அதற்குக் குறைந்த மின்னோட்டமே போதும். ஆகவே, கம்பியும் மெலிந்தது. கம்பிகளைக் கிளை பிரிக்கும் முறையையும் மாற்றினார். செம்புத் தேவை எட்டில் ஒரு பங்காகக் குறைந்தது!

தெருவுக்கு அடியில்

1882 செப்டம்பர் 4. நியூயார்க் நகரின் பேர்ல் தெருவில் எடிசனின் மின்சார நிலையம் இயங்கத் தொடங்கியது. அங்கிருந்து தெருக்களுக்கு அடியில் இரும்புக் குழாய்கள் போயின. குழாய்க்குள் செம்புக் கம்பிகள். ஒன்றை ஒன்று தொடாதபடி நடுவே மின்சாரம் பாயாத கலவை. முதல் நாள் சுமார் 400 விளக்குகள் எரிந்தன.

ஆனால், அந்த மின்சாரம் சுமார் ஒரு மைல் தூரமே போயிற்று. அதற்கு மேல் அனுப்ப மிகத் தடித்த செம்பு தேவைப்பட்டது.

வெஸ்டிங்ஹவுஸ் என்பவர் மாறு மின்சாரத்தைக் கொண்டு வந்தார். அழுத்தத்தை உயர்த்தி அனுப்பினார். மெல்லிய கம்பியிலேயே அது வெகுதூரம் சென்றது! அது ஆபத்தானது என்று எடிசன் எதிர்த்தார். உலகமோ அதையே ஏற்றது. 1892-ல் எடிசனின் கம்பெனி இன்னொரு கம்பெனியுடன் இணைந்தது. புதிய கம்பெனியின் பெயரில் எடிசன் இல்லை!

பரிசு

செம்பை மிச்சப்படுத்தப் பாடுபட்டவர் எடிசன். ஆனால், மின்சாரம் பரவப் பரவச் செம்பு விற்பனை பெருகியது. 1911-ல் செம்புத் தொழில் அதிபர்கள் அவருக்கு ஒரு பரிசு கொடுத்தார்கள். அது என்ன தெரியுமா? ஒரு கன அடி செம்புக் கட்டி! எடிசன் அதைத் தம் நூலகத்தில் வைத்துக்கொண்டார்.

1931 அக்டோபர் 18-ல், 84-வது வயதில் அவர் காலமானார்.

இன்றும் மின்சாரப் பெட்டிகளுக்குள் செம்புப் பட்டைகளைப் பார்க்கலாம். எவ்வளவு மின்சாரம், எவ்வளவு தடிமன் என்ற எடிசனின் கணக்கு அவற்றிலும் இருக்கிறது.