இதயம் எழுதிய கோடு

திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிலையத்தில் என் தந்தையாரின் மார்பிலும் கைகால்களிலும் சில கம்பிகளைப் பொருத்தினர். கத்தி இல்லை; ஊசி இல்லை. உள்ளே துடித்த இதயம் தன் நிலையைத் தானே தாளில் எழுதியது. அந்தக் கோட்டை உலகுக்கு அளித்தவர் யார் என்று அறிய விரும்பினேன். அவர் வில்லெம் ஐந்தோவன்.

மணிமேகலை சென்ற சாவகம், அதாவது ஜாவா, அவர் பிறந்த மண். ஆண்டு 1860. சிறுவயதிலேயே தந்தையை இழந்தார். தாயார் ஆறு மக்களுடன் ஹாலந்து சென்று குடியேறினார். மருத்துவம் கற்ற ஐந்தோவன் 1886-இல் லெய்டன் பல்கலைக்கழகப் பேராசிரியரானார்.

இதயத்தின் மின்துடிப்பைத் தோல் வழியே பதியலாம் என்று 1887-இல் லண்டனில் வாலர் காட்டினார். ஆனால் பதிவு தெளிவாக இல்லை. ஐந்தோவன், வெள்ளி பூசிய நுண்ணிய குவார்ட்ஸ் இழையைக் காந்தத்தின் நடுவே பொருத்தினார். துடிப்புக்கேற்ப இழை அசைந்தது. அதன் நிழல் படமாயிற்று. கருவியின் எடையோ ஏறத்தாழ 270 கிலோ! நோயாளி கைகால்களை உப்புநீரில் அமிழ்த்தியிருக்க வேண்டும். கருவியை மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்ல இயலுமா? 1905-இல் தொலைபேசிக் கம்பி வழியே, 1.5 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து இதயத்துடிப்பையே தம்மிடம் வரவழைத்தார்!

1924-இல் நோபெல் பரிசு பெற்றார். தமக்குக் கருவி செய்ய உதவிய தொழிலாளி அதற்குள் மறைந்துவிட்டதால், வறுமையில் வாடிய அவருடைய சகோதரிகளைத் தேடிப் பரிசுப் பணத்தில் பாதியை அளித்தார் என்பர். 1927-இல் காலமானார்.

என் தந்தையார் நலமுடன் வீடு திரும்பினார். பிறர் இதயத்தைப் படித்த அப்பெரியாருக்கு இதயமும் இருந்தது. நண்பர்களே, நாம் கற்க வேண்டியவை இரண்டுமல்லவா?