ஒழுகும் தொட்டியும் ஒரு குடம் கடலும்
(பிலிப் ஹென்றி காஸ் வாழ்க்கைக் கதை)



மீன் தொட்டி என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது நாலு தங்கமீன், கொஞ்சம் கலர் கூழாங்கல், குமிழ் விடும் ஒரு பிளாஸ்டிக் சிப்பி, அவ்வளவுதான். அது ஒழுகினால் பெரிய சங்கதி இல்லை. மீனை வாளிக்கு மாற்றிவிட்டு நிதானமாகத் தொட்டியை ஒட்டிக்கொள்ளலாம். தண்ணீருக்குக் குழாய் இருக்கவே இருக்கிறது!

பவளமும் கடல் சாமந்தியும் வளர்க்கிற உப்புத் தண்ணீர்த் தொட்டி ஒழுகினால் கதையே வேற. ஒழுகிப் போவது தண்ணீர் மட்டுமல்ல, கடல். கடைக்காரரிடம் போய் ஒரு குடம் கடல் கொடுங்கள் என்று கேட்க முடியுமா? இந்தக் கேள்விக்கு 1854-ம் வருஷமே முடியும் என்று பதில் சொன்னவர் ஒருவர் உண்டு. பெயர் பிலிப் ஹென்றி காஸ். (அடுப்பு காஸ் இல்லை நண்பர்களே, ஆளின் பெயரே அதுதான்!) இன்ஜினியரும் இல்லை, கல்லூரிப் படிகளில் ஏறியவரும் இல்லை. கணக்குப்பிள்ளை வேலை பார்த்து, விவசாயத்தில் தோற்று, வாத்தியாராகி, கடைசியில் கடலைக் கூடத்துக்குக் கொண்டுவந்த மனிதர்.

இங்கிலாந்தில் வூஸ்டர் நகரில் 1810 ஏப்ரல் 6-ல் பிறந்தார். அப்பா ஊர் ஊராகப் போய் சின்னஞ்சிறு உருவப்படங்கள் வரைந்து கொடுக்கும் ஓவியர். வருமானம் எப்படி இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. குடும்பம் பூல் என்ற துறைமுக ஊருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே இருந்த அத்தை சூசன் பெல்லுக்கு உயிரினங்கள் என்றால் உயிர். கடல் சாமந்திகளைப் பிடித்துக் கடல்நீர் நிரப்பிய பாத்திரத்தில் விட்டு வளர்த்துப் பார் என்று பையனுக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். பின்னாளில் ஊரே கொண்டாடிய விஷயத்துக்கு விதை அந்தப் பாத்திரம்.

17 வயதில் கப்பலேறி நியூஃபவுண்ட்லாந்து தீவின் கார்போனியர் துறைமுகத்துக்கு குமாஸ்தாவாகப் போனார். மீன் வியாபாரக் கணக்கு எழுதிக்கொண்டே பூச்சிகளைப் பார்த்தார், வரைந்தார். 1835-ல் கனடாவில் நிலம் வாங்கிப் பயிர் செய்தார். மூன்று வருஷம் போராடியும் கைக்கும் வாய்க்கும் எட்டவில்லை. 1838-ல் அமெரிக்காவின் அலபாமாவில் பள்ளி ஆசிரியர். 1839-ல் திரும்பவும் இங்கிலாந்து. கிட்டத்தட்ட முப்பது வயது, கையில் காசில்லை. கனடாவில் எழுதி வைத்த இயற்கைக் குறிப்புகள் 1840-ல் புத்தகமாக வந்தன. அதிலிருந்து பேனாவும் தூரிகையும் சோறு போட்டன. 1844-ல் ஜமைக்கா போய்ப் பதினெட்டு மாதத்துக்கும் மேல் பறவைகளை ஆராய்ந்தார். 1848-ல் எமிலி பௌஸ் என்ற எழுத்தாளரை மணந்தார். மறுவருஷம் மகன் எட்மண்ட் பிறந்தான். அன்றைய நாட்குறிப்பில் மகன் பிறந்த செய்தியையும், ஜமைக்காவிலிருந்து ஒரு பச்சைத் தகைவிலான் குருவி வந்து சேர்ந்த செய்தியையும் ஒரே மூச்சில் எழுதிவைத்தாராம் மனிதர்!

ஓயாத எழுத்து வேலை உடம்பைக் கெடுத்தது. கடல் காற்று தேடி 1852-ல் டெவன் கடற்கரைக்குக் குடும்பத்தோடு போனார். நம் கதை சூடுபிடிப்பது இங்கேதான்.

அலை வாங்கிய நேரத்தில் பாறைக் குழிகளில் இடுப்பளவு இறங்கி நின்று, உளியும் சுத்தியலும் வைத்துப் பாறைத் துண்டோடு உயிர்களைப் பெயர்த்தெடுத்தார். இல்ஃப்ரகூம் ஊர்ப் பாறைகளில் செந்நிறமும் பொன்நிறமும் கலந்த ஒரு கல் பவளத்தைக் கண்டு, பலனோஃபில்லியா ரீஜியா என்று பெயரிட்டார். எடுப்பது சுலபம், உயிரோடு வைத்திருப்பது? மாற்றாத தண்ணீர் இரண்டே நாளில் நாறிவிடும். இந்த முடிச்சை அவிழ்க்கப் பலர் ஒரே காலத்தில் முயன்றார்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும். லண்டனில் ஆன்னா தைன் என்ற பெண்மணி 1846 முதல் பவளங்களை வீட்டில் வளர்த்தார். தண்ணீரை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி மாற்றி ஊற்றிக் காற்றேற்றினார். (அந்த வேலை வீட்டு வேலைக்காரப் பெண் தலையில் விழுந்தது தனிக்கதை!) ராபர்ட் வாரிங்டன் என்ற ரசாயன நிபுணர், செடி ஆக்சிஜன் தரும், நத்தை அழுகலைத் தின்னும், மீன் பிழைக்கும் என்ற சமநிலையை 1850-ல் நன்னீர்த் தொட்டியில் நிரூபித்தார். அதே தத்துவத்தைக் கடற்பாசியை வைத்துச் செய்துகாட்டி, படமும் போட்டு, சாதாரண ஜனங்களுக்குப் புரிகிற நடையில் எழுதியது காஸ். 1853 மே மாதம் லண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் மீன் இல்லம் திறந்தார்கள். அதற்கு உயிரினங்கள் சேகரித்து அனுப்பியவர்களில் இவரும் ஒருவர். 1854-ல் வெளியான இவருடைய புத்தகத்தின் பெயர் தி அக்வேரியம். அந்தச் சொல்லை ஊர்வாயில் நிலைக்கவைத்ததே அந்தப் புத்தகம்தான்.

இனி ஒழுகலுக்கு வருவோம். இதில் நம்ம ஹைட்ராலிக்ஸ் பாடமும் கொஞ்சம் வருகிறது, தூங்கிவிடாதீர்கள்!

60 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம், 45 செ.மீ. உயரம் உள்ள ஒரு தொட்டியை எடுத்துக்கொள்வோம். சுமார் 120 லிட்டர் பிடிக்கும். விளிம்பு வரை கடல்நீர் நிரப்பினால் முன்பக்கக் கண்ணாடி மீது ஏறக்குறைய 62 கிலோ விசை. அதாவது நம் கிளாஸில் நல்ல தாட்டியான ஒருவர் ராத்திரி பகல் பாராமல் அந்தக் கண்ணாடியில் சாய்ந்து நிற்பது மாதிரி! அழுத்தம் கீழே போகப் போகக் கூடுவதால் அடி மூலைக்குத்தான் அடி அதிகம். உயரத்தை இரண்டு மடங்காக்கினால் விசை நான்கு மடங்கு.

காஸ் காலத்தில் சிலிகான் கிடையாது. அடியில் சிலேட்டுக் கல், மூலைகளில் மரம் அல்லது இரும்பு, நடுவில் கண்ணாடி, இடுக்கில் ஈயம் கலந்த எண்ணெய்ப் புட்டி. மரம் ஊறி வளையும். இரும்பை உப்பு தின்னும். புட்டி காய்ந்து வெடிக்கும். வெடிக்காவிட்டால் அதிலுள்ள ஈயம் தண்ணீரில் இறங்கி உயிர்களைக் கொல்லும். அதனால் புட்டிக்கு மேல் அரக்குப் பூச்சு கொடுத்தார்கள். ஆக, கூடத்துக் கடல் என்றைக்கு வேண்டுமானாலும் கம்பளத்தில் இறங்கலாம் என்ற பயத்தோடுதான் அன்றைய லண்டன் வீடுகள் அதை ரசித்தன.

லண்டனிலிருந்து கடல் தூரம். பீப்பாயில் கடல்நீர் வரவழைக்கச் செலவு, தாமதம். பீப்பாய் மரத்தின் சாறு இறங்கினால் தண்ணீர் கெட்டது. காஸ் என்ன செய்தார்? பிரைட்டன் கடற்கரை நீரை ஷ்வைட்சர் என்ற ரசாயனர் பகுத்து வெளியிட்டிருந்த அட்டவணையை எடுத்தார். மிகச் சிறு அளவில் இருந்தவற்றைத் துணிந்து ஒதுக்கினார். மிஞ்சியது நாலே நாலு சரக்கு. நம் கணக்கில் சொன்னால், சாப்பாட்டு உப்பு சுமார் 99 கிராம், எப்சம் உப்பு 7 கிராம், மக்னீசியம் குளோரைடு 13 கிராம், பொட்டாசியம் குளோரைடு இரண்டரை கிராமுக்குச் சற்று மேல். இவற்றை நாலரை லிட்டருக்குக் கொஞ்சம் குறைவான தண்ணீரில் கரைத்து வடிகட்ட வேண்டும். உடனே பிராணிகளை விடவில்லை அவர். முதலில் பச்சைக் கடற்பாசியை மட்டும் போட்டுச் சில நாள் பொறுத்தார். பிறகே மற்றவை. பிழைத்தன!

சும்மா சொல்லக்கூடாது, எனக்கு அவருடைய மற்றப் புத்தகங்களை எல்லாம்விட இந்த உப்புச் சீட்டுத்தான் பெரிதாகத் தெரிகிறது. தொட்டி உடைந்தால் இன்னொரு தொட்டி செய்யலாம். தண்ணீரை மறுபடி செய்ய முடியும் என்ற தைரியத்தைக் கொடுத்தது அதுதான். இன்று கடையில் பையில் விற்கிற கடல் உப்புக் கலவைகள் அதைவிட எவ்வளவோ மேம்பட்டவை. காஸின் சீட்டில் கால்சியம் உப்பே கிடையாது, அதை நம்பிப் பவளத்துக்கு எலும்புக்கூடு வளராது. ஆனாலும் வழி அவர் போட்டதுதான்.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது, பல பேர் கோட்டை விடுகிற இடம். தொட்டியில் நீர் மட்டம் இறங்கினால் எதை ஊற்றுவது? ஆவியாகப் போனது வெறும் தண்ணீர், உப்பு உள்ளேயே தங்கிவிடும். ஆகவே நல்ல தண்ணீர் ஊற்ற வேண்டும். ஒழுகிப் போனதோ உப்போடு சேர்த்துப் போனது. அதற்கு உப்புக் கலந்த நீர்தான் ஊற்ற வேண்டும். வினாடிக்கு ஒரு சொட்டு என்று ஒழுகினால் நாளைக்கு ஏறத்தாழ 4 லிட்டர். கவனிக்காமல் நல்ல தண்ணீரையே ஊற்றிக்கொண்டு வந்தால், 120 லிட்டர் தொட்டியில் லிட்டருக்கு 35 கிராமாக இருந்த உப்பு ஒரே வாரத்தில் 27-க்கு இறங்கிவிடும். தொட்டி நிறைந்துதான் தெரியும், பவளம் சுருங்கிக்கொண்டிருக்கும். ஹைட்ரோமீட்டர் ஒன்று கையில் இருந்தால் இது ஒழுகலா ஆவியா என்பதை அது சொல்லிவிடும். மட்டம் இறங்கியும் அடர்த்தி ஏறவில்லையா? எங்கேயோ ஓட்டை!

இன்றைக்கு ஒழுகினால் செய்ய வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். முதல் வேலை, கையை உள்ளே விடுவதற்கு முன் பிளக்கைப் பிடுங்குவது. உப்புத் தண்ணீர் மின்சாரத்துக்கு ராஜபாட்டை. அடுத்து, ஒழுகுவது தொட்டிதானா, இல்லை பம்பு டியூபா என்று காய்ந்த காகிதத்தால் ஒவ்வொரு மூலையாக ஒற்றிப் பாருங்கள். தொட்டிதான் என்றால் உயிருள்ள பாறைகளையும் பவளங்களையும் பழைய தண்ணீரோடு சேர்த்து பிளாஸ்டிக் டப்புகளுக்கு மாற்றி, ஒரு ஹீட்டர், ஒரு சிறு பம்பு போட்டு 25, 26 டிகிரியில் வையுங்கள். பாறையைக் காயவிட்டால் அதில் குடியிருக்கும் பாக்டீரியா செத்து, திரும்பப் போடும்போது அம்மோனியா கிளம்பும்.

வெளியிலிருந்து எதையாவது அப்பிவிடலாம் என்ற ஆசை எல்லாருக்கும் வரும். வெளிப்பூச்சைத் தண்ணீர் தள்ளிவிடும், உள்பூச்சைத் தண்ணீரே அழுத்திப் பிடிக்கும். அதிலும் பழைய சிலிகான் மேல் புது சிலிகான் சரியாக ஒட்டாது. உள்பக்க ஓரத்தைப் பிளேடால் முழுக்கச் சுரண்டி, ஆல்கஹால் தோய்த்த துணியால் துடைத்து, பூஞ்சைக் கொல்லி சேர்க்காத சிலிகானை ஒரே இழுப்பில் இட வேண்டும். வினிகர் வாசனை முழுக்கப் போகிற வரை பொறுமை. பிறகு நல்ல தண்ணீர் நிரப்பி ஓரிரு நாள் சோதித்துவிட்டே கடலைத் திருப்பி ஊற்ற வேண்டும். முழுக் கண்ணாடித் தொட்டியைச் சிலிகானால் ஒட்டுகிற முறை பரவியது 1960-களில்தான். காஸ் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ!

அவர் கதைக்குத் திரும்புவோம். புத்தகம் பிய்த்துக்கொண்டு போனது. 1855-ல் கையடக்கமாக இன்னொரு கையேடும் எழுதினார். கடல் தொட்டி வைக்காத கூடம் கூடமல்ல என்றாயிற்று. 1856-ல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. பட்டம் இல்லாத முன்னாள் குமாஸ்தாவுக்கு!

மறுவருஷம் இடி விழுந்தது. 1857 பிப்ரவரியில் எமிலி மார்புப் புற்றுநோயால் இறந்தார். அதே ஆண்டு, ஆதியாகமமும் பூமியின் பாறைச் சான்றும் முட்டிக்கொள்ளாமல் இருக்க ஒரு சமாதானம் கண்டுபிடித்து ஓம்ஃபலோஸ் என்ற நூலை எழுதினார். மத நம்பிக்கையாளர்களும் ஏற்கவில்லை, விஞ்ஞானிகளும் ஏற்கவில்லை. மனம் நொந்து, எட்டு வயது மகனோடு டெவனின் செயின்ட் மேரிசர்ச்சில் குடியேறி, பழையபடி பாறைக் குழிகளில் இறங்கினார். பிரிட்டனின் கடல் சாமந்திகளையும் பவளங்களையும் பற்றிய அவருடைய பெரிய நூல் 1860-ல் முடிந்தது. அதே ஆண்டு எலைசா பிரைட்வென் என்பவரை மறுமணம் செய்துகொண்டார்.

ஆனால் அந்தப் பாறைக் குழிகள்? அவர் புத்தகத்தைப் படித்துவிட்டு வாளியும் உளியுமாக ரயிலேறி வந்த கூட்டம் கரையையே துடைத்துவிட்டது. பூப்பூவாக விரிந்து கிடந்த குழிகள் வெறும் உப்புத் தண்ணீராக நின்றன. தன் எழுத்தே இதைச் செய்தது என்பது அப்பாவை வாட்டியதாக மகன் எட்மண்ட் 1907-ல் எழுதிய நூலில் பதிவு செய்திருக்கிறார். கொண்டுபோன உயிர்களில் எத்தனை, ஒழுகும் தொட்டிகளில் ஒரு வாரம்கூடத் தாங்கியிருக்கும்? (நம் நாட்டில் கல் பவளங்கள் 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. மன்னார் வளைகுடாவில் ஒரு துண்டு பெயர்த்தாலும் குற்றம்தான்.) 1860-களின் இறுதிக்குள் லண்டன் கூடங்களில் அந்த மோகம் வடிந்துவிட்டது. வெடித்த தொட்டிகள் பரண் ஏறின.

காஸ் ஓயவில்லை. ஆர்க்கிட் வளர்த்தார். நுண்ணோக்கியில் சக்கர நுண்ணுயிர்களை ஆராய்ந்து, ஹட்சன் என்பவரோடு சேர்ந்து 1886-ல் பெரும் நூல் கொண்டுவந்தார். வயதான காலத்தில் நட்சத்திரப் பித்து வேறு! ஒரு குளிர் ராத்திரி ஜன்னலைத் திறந்து வைத்துத் தொலைநோக்கியில் வானம் பார்த்தபோது பிடித்த சளி நெஞ்சில் இறங்கியது. அதன்பின் அவர் தேறவில்லை. 1888 ஆகஸ்ட் 23-ல், 78-ம் வயதில், கடலுக்குப் பக்கத்திலிருந்த அந்த வீட்டிலேயே காலமானார். இல்ஃப்ரகூம் பாறைகளில் அவர் கண்டெடுத்த பவளம் அவர் வைத்த பெயரிலேயே இன்றும் அழைக்கப்படுகிறது.