தினமும் ஒரு அட்டை: நந்தலால் போஸ் எப்படி வரைந்து பழகினார்?

மெர்சிங் படகுத்துறையில் தியோமான் படகுக்காகக் காத்திருந்திருக்கிறீர்களா? டிக்கெட்டில் ஒரு நேரம் போட்டிருக்கும். ஆனால் ஆற்று முகத்துவாரத்தில் தண்ணீர் ஏறினால்தான் படகு கிளம்பும். அதுவரை உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். முதல் பத்து நிமிடம் கைப்பேசி. அடுத்த பத்து நிமிடமும் அதேதான். எதிரே மீன்பிடிப் படகுகள் வரிசையாக நிற்கும். அழகா இருக்கேன்னு ஒரு படம் எடுப்போம், யாருக்காவது அனுப்புவோம், அப்புறம் மறந்துவிடுவோம்.

இந்த மாதிரி துண்டு நேரங்களை விடாமல் பிடித்துக்கொண்ட ஓர் ஓவியர் இருந்தார். அவர் பெயர் நந்தலால் போஸ். வெளியே கிளம்பினால் அஞ்சலட்டை அளவில் சில அட்டைகள் அவருடன் இருக்கும். எங்கே உட்கார்ந்தாலும் ஒன்றை எடுப்பார். எதிரே இருப்பதை வரைவார். ஆடு, நாய், பனைமரம், தலையில் சுமையோடு போகும் பெண், எதுவானாலும் சரி. அநேகமாக நாள்தோறும், பல பத்தாண்டுகள் இதைச் செய்தார்.

வங்காளத்து ஓவியருக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்னு கேட்கலாம். 1924ல் கவி ரவீந்திரநாத் தாகூர் சீனாவுக்கும் ஜப்பானுக்கும் போனபோது நந்தலாலும் உடன் போனார். ரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர் வழியாகப் பயணம். மெர்சிங்கில் அவர் இறங்கவில்லை. ஆனால் சிங்கப்பூரிலிருந்து ஹாங்காங் போகும் கப்பல் எந்தக் கடலில் போகும்? நீங்கள் படகுத்துறையில் நின்று பார்க்கிறீர்களே, அதே தென் சீனக் கடலில்தான்.

படிப்பில் தோற்ற பையன்

நந்தலால் 1882 டிசம்பர் 3ஆம் தேதி பீகாரின் கரக்பூரில் பிறந்தார். அப்பா தர்பங்கா ஜமீனில் வேலை பார்த்தார். அம்மா க்ஷேத்ரமணி தேவிக்குக் கைவேலையில் நல்ல திறமை. பொம்மை செய்வார், தையலில் பூ போடுவார். நந்தலாலுக்கு எட்டு வயதாக இருக்கும்போது அம்மா இறந்துவிட்டார். ஊரில் குயவர்களும் சாமி சிலை செய்பவர்களும் களிமண்ணைப் பிசைவதைப் பார்த்துப் பார்த்துத் தானும் செய்யப் பழகினான் அந்தப் பையன்.

பதின்ம வயதில் படிப்புக்காகக் கல்கத்தா வந்தார். பள்ளிப் படிப்பை எப்படியோ முடித்தார். கல்லூரியில் முதல் தேர்விலேயே தோல்வி. வேறு கல்லூரிக்கு மாறினார், அங்கேயும் தோல்வி. கையில் காசு கிடைத்தால் பழைய சஞ்சிகைகளும் அச்சுப் படங்களும் வாங்குவார். அதற்குள் கல்யாணமும் ஆகிவிட்டது. வீட்டார் வணிகம் படிக்கச் சொன்னார்கள், சேர்ந்தார், அதுவும் ஓடவில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கலாம். எஸ்பிஎம் முடித்துவிட்டு, வரைகலை படிக்கணும்னு வீட்டில் சொல்லத் தயங்கும் ஒருவர் இதைப் படித்துக்கொண்டிருக்கலாம். நந்தலாலின் வீட்டிலும் அதே பேச்சுதான் நடந்தது. படம் வரைந்தால் சோறு கிடைக்குமா என்ற கேள்வி நூறு வருஷத்துக்கு மேலாக மாறவில்லை.

1905ல், 22 வயதில், அவர் கல்கத்தா அரசு ஓவியப் பள்ளிக்குப் போனார். அபநீந்திரநாத் தாகூரின் ஓவியங்களை அச்சில் பார்த்திருந்தார். இவரிடம்தான் கற்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டார். அபநீந்திரநாத் அவரைச் சேர்த்துக்கொண்டார். மூன்றே வருடத்தில், 1908ல் நடந்த கண்காட்சி ஒன்றில், சிவனும் சதியும் இருக்கும் ஓவியத்துக்காக நந்தலாலுக்கு 500 ரூபாய் பரிசு கிடைத்தது. அந்தப் பணத்தில் அவர் ஊர் சுற்றினார். கோயில் பார்த்தார், சிலை பார்த்தார். அடுத்து அஜந்தா. ஹெரிங்கம் சீமாட்டி என்ற ஆங்கிலப் பெண் அந்தக் குகைச் சுவர் ஓவியங்களைப் படியெடுக்க வந்திருந்தார். நந்தலால் அந்தக் குழுவில் சேர்ந்தார். அழிந்துகொண்டிருந்த சுவரின் முன்னால் நின்று, ஆயிரம் வருடத்துக்கு முந்தைய ஒருவரின் கோட்டைத் தன் கையால் மறுபடி இழுத்துப் பார்ப்பது எப்படிப்பட்ட பயிற்சி என்று யோசித்துப் பாருங்கள்.

மூன்று தீக்குச்சி

ஜப்பானியக் கலை அறிஞர் ஒகாகுரா 1912ல் கல்கத்தா வந்தபோது நந்தலாலுக்கு ஒரு பாடம் சொன்னார். மூன்று தீக்குச்சிகளை முக்கோணமாக வைத்தார். ஒன்று இயற்கை, ஒன்று மரபு, ஒன்று சொந்தக் கற்பனை. ஒரு குச்சியை எடுத்தாலும் முக்கோணம் இருக்காது.

இது நந்தலால் மனதில் ஆழமாகப் பதிந்தது. மரபு அவருக்கு அஜந்தாவில் கிடைத்துவிட்டது. கற்பனை இருந்தது. இயற்கையைக் கண்ணால் பார்த்துக் கைக்குக் கொண்டுவருவதை மட்டும் ஒரே நாளில் படித்து முடிக்க முடியாது. அட்டைகள் இங்கேதான் வேலைக்கு வருகின்றன.

தாகூரின் அழைப்பில் அவர் சாந்திநிகேதன் போனார். 1922 முதல் 1951 வரை அங்கே கலா பவன் என்ற ஓவியப் பள்ளியின் தலைவர். மாணவர்களை அறைக்குள் உட்காரவைத்துப் பிளாஸ்டர் சிலையை வரையச் சொல்லும் ஐரோப்பிய முறை அங்கே இல்லை. வெளியே அனுப்பிவிடுவார். செம்மண் நிலம், கோபாய் ஆறு, சந்தால் மக்களின் குடிசைகள். போய்ப் பாருங்கள், வரையுங்கள். அவரும் கூடவே போவார், வரைவார். ஊரில் இல்லாத மாணவருக்குக் கடிதம் எழுதினால் அதே அட்டையில் ஒரு சின்னப் படமும் இருக்கும்.

எனக்கு இந்தப் பழக்கத்தில் மிகவும் பிடித்தது இதுதான்: பல அட்டைகள் யாருக்காவது போய்ச் சேர்ந்தன. மாணவருக்கு, பிள்ளைகளுக்கு, நண்பருக்கு. கண்காட்சிக்கு என்று நினைத்தால் கை நடுங்கும். ஒருவருக்கு அனுப்பத்தான் என்றால் கோடு தானாக ஓடும்.

மரம் கீழிருந்து மேலே

1940ல் ஒரு கல்கத்தா இளைஞர் கலா பவனில் சேர்ந்தார். படிப்பை முடிக்காமல் 1942ல் கிளம்பியும்விட்டார். பெயர் சத்யஜித் ராய். அவருக்கு நந்தலால் மரம் வரையச் சொல்லிக்கொடுத்த விதத்தைக் கேளுங்கள். பலரும் உச்சியிலிருந்து கீழே கோடு இழுப்பார்கள். மரம் அப்படியா வளர்கிறது? தரையிலிருந்து மேலே வளர்கிறது. கோடும் அப்படியே போகணும் என்றார் நந்தலால். இதில் உடலியல் பாடமோ ஒளி நிழல் பாடமோ எதுவும் இல்லை. வரையப்படும் பொருள் என்ன செய்கிறது என்று முதலில் பார்க்கச் சொல்கிறார், அவ்வளவுதான்.

ராய் பிறகு பதேர் பாஞ்சாலியை எடுத்தபோது முழுத் திரைக்கதை என்று ஒன்று அவரிடம் இல்லை. நோட்டுப் புத்தகத்தில் காட்சி காட்சியாகப் படம் வரைந்து வைத்திருந்தார். 1955ல் வந்த அந்தப் படம் இந்திய சினிமாவின் போக்கையே மாற்றியது.

கே.ஜி. சுப்ரமணியன் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் படித்தவர். சுதந்திரப் போராட்டத்தில் சிறைக்குப் போனதால் அரசுக் கல்லூரிகளின் கதவு அவருக்கு மூடப்பட்டது. 1944ல் சாந்திநிகேதன் போய் நந்தலாலிடம் சேர்ந்தார். பின்னாளில் இந்தியாவின் பெரிய ஓவியர்களில் ஒருவரானார்.

ஆனால் நந்தலாலின் கணிப்பு எப்போதும் சரியாக இருந்தது என்று நினைக்க வேண்டாம். வினோத் பிஹாரி முகர்ஜி என்ற மாணவருக்குச் சிறு வயதிலிருந்தே பார்வை மிகக் குறைவு. இவருக்கு ஓவியம் சரிவருமா என்று நந்தலாலுக்கே சந்தேகம். ஆர்வம் இருந்தால் இருக்கட்டும் என்று சொன்னவர் தாகூர். அந்த மாணவர் சாந்திநிகேதனில் பெரிய சுவரோவியங்கள் படைத்தார். நடுவயதில் பார்வை முழுதும் போனது. அதற்குப் பிறகும் வரைவதை நிறுத்தவில்லை. அவரைப் பற்றி ராய் 1972ல் ஒரு ஆவணப்படம் எடுத்தார். கண்ணே இல்லாமல் எப்படி வரைய முடிந்தது? பல வருடம் பார்த்து வரைந்தது கையில் தங்கியிருந்தது என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன்.

ஹரிபுராவில் வந்த பெரிய வேலை

1930ல் காந்தி உப்பு எடுக்க தண்டிக்கு நடந்தார். நந்தலால் அதை லினோகட்டில் செதுக்கினார்: கறுப்புப் பின்னணி, வெள்ளைக் கோடுகள், கையில் தடியோடு ஒரு மனிதர் நடக்கிறார். நீங்கள் பாடப் புத்தகத்திலோ சுவரொட்டியிலோ பார்த்திருப்பீர்கள். கோடுகளை எண்ணிப் பாருங்கள், ரொம்பக் கொஞ்சம். ஆனால் அந்த நடையின் வேகம் தெரிகிறது. நடப்பவர்களைப் பலமுறை வரைந்த கைக்குத்தான் எந்தக் கோட்டை விடலாம் என்று தெரியும்.

1938ல் குஜராத்தின் ஹரிபுராவில் காங்கிரஸ் மாநாடு. தலைவர் சுபாஷ் சந்திர போஸ். ஆமாம், சில வருடம் கழித்து மலாயாத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் பின்னால் போன அதே நேதாஜிதான். (போஸ் என்ற பெயர்தான் ஒன்று, இவர் வேறு, அவர் வேறு.) மாநாட்டுத் திடலை அலங்கரிக்க காந்தி நந்தலாலைக் கேட்டார். செலவு குறைவாக இருக்கணும், உள்ளூர்ப் பொருளாக இருக்கணும், பாதையில் போகிற கிராமத்து ஆள் நின்று பார்க்கணும்.

நந்தலால் முதலில் அக்கம்பக்கத்துக் கிராம மக்களை மையில் வரைந்து பார்த்தார். அப்புறம் கையால் செய்த தாளில், மண் நிறங்களில், 80க்கும் மேற்பட்ட சுவரொட்டிகளைத் தீட்டினார். மாணவர்கள் அவற்றைப் படியெடுத்து, மொத்தம் சுமார் 400 ஆனது. மேளம் அடிப்பவர், தச்சர், செருப்பு தைப்பவர், தானியம் அரைக்கும் பெண், காளையை அடக்குபவர். எல்லாம் தடித்த, தயங்காத கோடுகள். இவ்வளவு குறைந்த நேரத்தில் இவ்வளவு உருவங்கள் எங்கிருந்து வந்தன? திடீரென்று வந்தவை அல்ல. பல வருட அட்டைகளில் அந்த முதுகும் முழங்கையும் ஏற்கெனவே வந்து போயிருந்தன.

பின்னர் இந்திய அரசியல் சாசனத்தின் மூலப் பிரதி கையால் எழுதப்பட்டபோது, அதன் 22 பகுதிகளுக்கும் படங்கள் வரையும் பொறுப்பு நந்தலாலுக்கும் அவருடைய மாணவர்களுக்கும் வந்தது. 1954ல் பத்ம விபூஷண்.

சரி, நீங்கள் எங்கே தொடங்குவது?

ஓவியப் புத்தகம் வாங்க வேண்டாம். வாங்கினால் முதல் பக்கத்தைக் கெடுக்கப் பயந்து ஒரு மாதம் சும்மா வைத்திருப்போம். பழைய பிஸ்கட் பெட்டி அட்டையை உள்ளங்கை அளவுக்கு வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு பேனா போதும். பென்சில் வேண்டாமா? வேண்டாம்னு தான் சொல்வேன். பென்சில் இருந்தால் அழிப்பான் தேடுவீர்கள், பத்து நிமிடமும் அழிப்பதிலேயே போகும்.

மெர்சிங்கில் வரைய எதுவும் இல்லை என்று சொல்லாதீர்கள். கெரோப்போக் கடையில் வெயிலில் காயும் தட்டுகள், குன்றின் மேல் இருக்கும் பள்ளிவாசல், உறங்கும் பூனை. படகு வரைவதானால் முதலில் அது தண்ணீரில் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று ஒரு நிமிடம் பாருங்கள். முன்பக்கம் தூக்கி இருக்கிறதா? கயிறு எந்தப் பக்கம் இழுக்கிறது? அந்த வளைவை முதல் கோடாகப் போடுங்கள். எழுத்து, கொடி, ஜன்னல் எல்லாம் பிறகு. நேரம் முடிந்தால் பாதியில் நிறுத்துங்கள். பின்புறம் தேதி எழுதுங்கள். முடிந்தால் யாருக்காவது கொடுத்துவிடுங்கள்; பாட்டிக்குக் கொடுத்தால் நிச்சயம் பத்திரமாக இருக்கும்.

முதல் வாரம் படகு வாழைப்பழம் மாதிரி வரும். பரவாயில்லை. மூன்றாவது வாரத்தில் வரைவது பெரிதாக முன்னேறியிருக்காது, ஆனால் படகுகளில் ஒன்றுக்கொன்று வித்தியாசம் தெரிய ஆரம்பித்திருக்கும். முதலில் பழகுவது கண். கைக்கு அதைவிட நாள் பிடிக்கும்.

கடைசி அட்டைகள்

ஓய்வுக்குப் பிறகும் நந்தலால் சாந்திநிகேதனிலேயே இருந்தார். வயது ஏற ஏற, படங்களில் வண்ணம் குறைந்து கறுப்பு மை கூடியது. சில தூரிகைத் தீற்றல்களில் ஒரு பனை, ஒரு பாறை, தூரத்தில் நடக்கும் யாரோ ஒருவர். 1924ல் சீனாவிலும் ஜப்பானிலும் பார்த்த மை ஓவியங்களின் சாயல் அவற்றில் உண்டு. 1966 ஏப்ரல் 16ஆம் தேதி கல்கத்தாவில் காலமானார்.

அவருடைய படைப்புகளில் சுமார் 7,000 இப்போது புதுடெல்லியில் தேசிய நவீனக் கலைக்கூடத்தில் இருக்கின்றன. 1930ஆம் ஆண்டின் காந்தி லினோகட்டும் ஹரிபுரா சுவரொட்டிகளில் சிலவும் அங்கே உண்டு. டெல்லி போக வாய்ப்பு கிடைத்தால் பெரிய ஓவியங்களின் முன்னால் நின்றுவிட்டு வந்துவிடாதீர்கள். சின்ன அட்டைகள் காட்சிக்கு இருந்தால் அவற்றின் பக்கத்திலும் கொஞ்சம் நில்லுங்கள். ஒரு ஆட்டுக்குட்டியின் முதுகை ஒரே கோட்டில் எப்படிப் போட்டிருக்கிறார் என்று கிட்டப் போய்ப் பாருங்கள்.