கைக்கூலியை எதிர்த்த முன்சீப்

சாதிச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், பட்டா மாற்றம் என்று எதற்குப் போனாலும் யாரையாவது கவனிக்க வேண்டியிருக்கிறது என்று நாம் அலுத்துக்கொள்கிறோம். நமக்கு அது எரிச்சலோடு போய்விடும். நம் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அம்மாவுக்கோ அது சில நாள் சம்பளம். அலைந்த நாட்களின் கூலியும் சேர்ந்து போகும். உரிமையாகக் கிடைக்க வேண்டியதற்கு ஏழை இரண்டு முறை விலை கொடுக்கிறார். இதைப் பற்றி 160 ஆண்டுகளுக்கு முன்பே கவலைப்பட்ட ஒருவரை இந்த இதழில் நினைவுகூர்வோம்.

மாயூரம் வேதநாயகம் பிள்ளையைத் தமிழின் முதல் நாவலான பிரதாப முதலியார் சரித்திரத்தை (1879) எழுதியவர் என்று பள்ளியில் படித்திருப்போம். அவர் ஒரு நீதிபதி என்பது பலருக்கு நினைவிருக்காது.

திருச்சிக்கு அருகே குளத்தூரில் 11.10.1826 அன்று பிறந்தார். திருச்சி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகச் சேர்ந்து, பிறகு மொழிபெயர்ப்பாளரானார். 1857-இல் தரங்கம்பாடியில் முன்சீப் பதவி கிடைத்தது. பின்னர் மாயூரத்தில் பல ஆண்டுகள் அதே பதவியில் இருந்தார். ஊர்ப் பெயர் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது அப்படித்தான்.

அவர் பதவிக்கு வந்த காலம் எப்படிப்பட்டது? அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, 1855-இல், சென்னை மாகாணத்தில் நடந்த சித்திரவதைகள் பற்றி ஒரு விசாரணைக் குழு அறிக்கை தந்திருந்தது. வரி வசூலுக்காகவும், தங்கள் பைக்குப் பணம் பறிப்பதற்காகவும் கீழ்நிலை ஊழியர்கள் குடியானவர்களை வதைத்தது அதில் வெளிவந்தது. புகார் கொடுக்க வேண்டுமானால் தொலைவில் இருக்கும் மேலதிகாரியிடம் போக வேண்டும். வழிச் செலவு ஒரு பக்கம், வயல் வேலை கெடுவது மறுபக்கம். வாய் மூடிப் பணத்தைக் கொடுப்பதே பலருக்கு மலிவாக இருந்தது.

இந்தச் சூழலில்தான் அவர் 1859-இல் நீதிநூலை வெளியிட்டார். அதில் கைக்கூலிக்கென்றே ஓர் அதிகாரம் உண்டு. லஞ்சத்துக்கு அன்றைய சொல் அது. பொய், களவு, சூது ஆகியவற்றின் வரிசையிலேயே அதையும் வைத்தார். நீதிமன்ற நாற்காலியில் இருப்பவரே இப்படி எழுதியதுதான் அதன் பலம்.

இன்னொன்றையும் அவர் கண்டுகொண்டார். வழக்காடுபவருக்குப் புரியாத மொழியில் நீதிமன்றம் நடந்தால், அவர் இடையில் இருப்பவர்களையே நம்பியிருக்க வேண்டும். ஆகவே உயர் நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழாக்கி சித்தாந்த சங்கிரகம் என்ற பெயரில் வெளியிட்டார். நீதிமன்றங்கள் தமிழில் நடக்க வேண்டும் என்பதைத் தம் நாவலிலும் வலியுறுத்தினார்.

1876–78 பெரும் பஞ்சத்தின்போது அவர் பதவியில் இல்லை. ஆனாலும் தம் கைப்பொருளைச் செலவழித்துப் பசித்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றினார். அதைப் போற்றி கோபாலகிருஷ்ண பாரதியார் ஒரு கீர்த்தனை பாடினார். 21.7.1889 அன்று வேதநாயகர் காலமானார்.

இன்று நிலைமை சற்று மாறியிருக்கிறது. மனு எங்கே நிற்கிறது என்று 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு அதற்குக் கட்டணமே இல்லை. லஞ்சம் கொடுப்பதும் 2018 முதல் குற்றம். ஆனால் கட்டாயத்தின் பேரில் கொடுத்தவர் ஏழு நாட்களுக்குள் புகார் செய்தால் அவருக்குச் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு.

இவை நமக்குத் தெரியும். நம் வாசலில் நிற்கும் காவலாளிக்குத் தெரியுமா? விண்ணப்பத்தை நிரப்பத் தெரியாததால்தான் அவர் தரகரிடம் போகிறார். மாதம் ஒரு ஞாயிறு, நம்மில் இருவர் சங்க அறையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து அவர்களுக்கு மனு எழுதிக் கொடுத்தால் என்ன? அடுத்த கூட்டத்தில் பேசுவோம்.