யானைக்கும் ஆட்டுக்கும் கதாநாயகன் இடம் கொடுத்த சாண்டோ சின்னப்பா தேவர்: யார் இவர்? அந்த மாதிரி படங்கள் ஏன் இப்போது வருவதில்லை?

சாத்தூர் பக்கம் ஏழாயிரம்பண்ணையிலோ, அதைச் சுற்றியுள்ள கரிசல் ஊர்களிலோ அறுபதைத் தாண்டிய அம்மாக்களிடம், சின்ன வயசில் பார்த்த படங்கள் என்னென்ன என்று கேட்டுப் பாருங்க. பெரும்பாலும் நடிகர் பேர் முதலில் வராது. யானைப் படம், ஆட்டுப் படம், பாம்புப் படம் என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும். பகலெல்லாம் தீப்பெட்டி ஆபீஸிலோ காட்டு வேலையிலோ இருந்துவிட்டு, ராத்திரி பிள்ளைகளை இழுத்துக்கொண்டு டூரிங் டாக்கீஸுக்குப் போன தலைமுறை அது. ஆடும் மாடும் அவர்கள் வீட்டில் ஓர் ஆள் மாதிரி. திரையில் ஓர் ஆடு அழுதால் அவர்களும் அழுவார்கள்.

இந்தக் கணக்கைத் தெளிவாகப் புரிந்துகொண்டு படம் எடுத்த ஒருவர் உண்டு. அவர்தான் சாண்டோ எம்.எம்.ஏ. சின்னப்பா தேவர்.

மில் வேலையிலிருந்து சினிமாவுக்கு

1915-ல் கோவை ராமநாதபுரம் பகுதியில் பிறந்தவர் தேவர். படிப்பு தொடக்கப் பள்ளியோடு நின்றுபோனது. மில் வேலை, பிறகு சோடா தயாரிப்பு உட்படச் சில சின்னத் தொழில்கள். இதற்கு நடுவே உடற்பயிற்சி மேல் பெரிய பித்து. 'சாண்டோ' என்பது அவரது குடும்பப் பேர் இல்லீங்க. யூஜின் சாண்டோ என்ற ஜெர்மன் பயில்வான் உலகம் முழுக்க அவ்வளவு பிரபலம்; உடம்பை முறுக்கேற்றி வைத்திருந்த நம்மூர் ஆட்களுக்கும் அந்தப் பேரே பட்டமாக ஒட்டிக்கொண்டது. கை இல்லாத பனியனை இன்றும் சாண்டோ பனியன் என்று கேட்டு வாங்குகிறோமே, அதே சாண்டோதான்.

அந்த உடம்புதான் அவரை கோவை ஸ்டூடியோக்களில் சண்டை நடிகராகக் கொண்டுபோய்ச் சேர்த்தது. 1947-ல் வந்த 'ராஜகுமாரி'யில் எம்.ஜி.ஆருடன் மோதும் காட்சியில் நடித்தார். இருவரும் அப்போது வாய்ப்புக்காகக் காத்திருந்தவர்கள். நட்பு அங்கே ஆரம்பித்தது.

1956-ல் தேவர் பிலிம்ஸ் தொடங்கி, முதல் படமாக எம்.ஜி.ஆரை வைத்து 'தாய்க்குப் பின் தாரம்' எடுத்தார். தம்பி எம்.ஏ. திருமுகம் இயக்கம். அந்த முதல் படத்திலேயே கவனிக்க வேண்டிய ஒரு விஷயம், எம்.ஜி.ஆர். காளையை அடக்கும் காட்சி. விலங்கு அப்போதே உள்ளே வந்துவிட்டது. அதன்பின் சில ஆண்டுகள் இருவரும் சேரவில்லை. 1961-ல் 'தாய் சொல்லைத் தட்டாதே'யில் மறுபடி சேர்ந்தார்கள். மொத்தம் 16 படங்கள். வேகமாக எடுப்பது, சொன்ன தேதிக்கு ரிலீஸ் செய்வது, சம்பளத்தை இழுத்தடிக்காமல் கொடுப்பது என்று திரையுலகில் அவருக்கு ஒரு பேர் இருந்தது. முருகன் மேல் அவருக்கிருந்த பக்தியும் ஊரறிந்தது. சிவகாசி அருகே மீனம்பட்டியில் பிறந்த ஸ்ரீதேவி, குழந்தை முருகனாக வந்த 'துணைவன்' (1969) இவர் தயாரித்ததுதான்.

பம்பாய்க்குப் போன யானைகள்

தேவரின் வாழ்க்கையில் பெரிய சூதாட்டம் என்றால் அது 'ஹாத்தி மேரே சாத்தி'. 1967-ல் 'தெய்வச் செயல்' என்று தமிழில் எடுத்த யானைக் கதையைத் தூக்கிக்கொண்டு இந்திக்குப் போனார். இந்தி பேச வராத, பெரிய படிப்பு இல்லாத ஒரு கோயம்புத்தூர்க்காரர், அன்றைக்கு நாடே கொண்டாடிய ராஜேஷ் கன்னாவின் வீட்டுக் கதவைத் தட்டுகிறார். கன்னா புதிதாக பங்களா வாங்கியிருந்த சமயம். தேவர் கொடுத்த பெரிய அட்வான்ஸ் அவருக்குத் தேவையாக இருந்தது. ஆனால் கதை அவருக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. அப்போது வளர்ந்துகொண்டிருந்த சலீம்–ஜாவேத் ஜோடியிடம் அதைச் சரிசெய்யச் சொன்னார்.

கதை எளிமையானது. பெற்றோரை இழந்த சிறுவனை நான்கு யானைகள் சிறுத்தையிடமிருந்து காப்பாற்றுகின்றன. அவற்றோடு தெருவில் வித்தை காட்டிப் பிழைக்கிறான். வளர்ந்து ஆளானதும் காட்டு விலங்குகளுக்கென்றே ஓர் இடம் அமைக்கிறான். கல்யாணமாகி குழந்தை பிறந்ததும், யானை குழந்தையை ஏதாவது செய்துவிடுமோ என்று மனைவி பயப்படுகிறாள். கடைசியில் அவனுக்காக ராமு என்ற யானை உயிரை விடுகிறது. 1971-ல் வெளியான படங்களில் வசூலில் முன்னணியில் நின்றது இதுதான். அடுத்த ஆண்டே தமிழில் 'நல்ல நேரம்' என்று எம்.ஜி.ஆரை வைத்து எடுத்தார். அந்த 16 படங்களில் கடைசிப் படம் அது.

யானை வென்ற பிறகு வரிசை நீண்டது. 'கோமாதா என் குலமாதா'வில் பசு, 'வெள்ளிக்கிழமை விரதம்' படத்தில் பாம்பு. 1977-ல் 'ஆட்டுக்கார அலமேலு' ஆட்டை வைத்துச் சக்கைப்போடு போட்டது. என்னைக் கேட்டால் தேவரின் உண்மையான சாதனை யானையை விட அந்த ஆடுதான். யானையைப் பார்க்க யாரும் வருவார்கள். வீட்டுத் திண்ணையில் கட்டிக் கிடக்கும் ஆட்டைக் காசு கொடுத்துப் பார்க்க வைப்பது லேசான காரியமா?

திரைக்குப் பின்னால் என்ன நடந்தது?

இங்கேதான் கொஞ்சம் நெருடுகிறது. 1976-ல் தர்மேந்திராவை வைத்து 'மா' என்று ஓர் இந்திப் படம் தயாரித்தார் தேவர். காட்டு விலங்குகளைப் பிடித்து விற்கும் ஒருவன், குட்டியைத் தாயிடமிருந்து பிரிப்பது எவ்வளவு பெரிய பாவம் என்று தன் தாயை இழந்த பிறகு உணர்கிறான். இதுதான் ரஜினி நடித்து 1979-ல் 'அன்னை ஓர் ஆலயம்' ஆனது. கேட்க நல்ல கருத்து. ஆனால் அந்தப் படத்தில் நடித்த யானைக் குட்டி? கேமராவுக்கு முன் நிற்க வேண்டுமென்றால் அதுவும் மனிதன் பிடியில் பழக்கப்பட்டதாகத்தானே இருந்திருக்கும்!

தேவர் மட்டும் இதில் தனி ஆள் கிடையாது. அந்தக் காலத்து சர்க்கஸும் சினிமாவும் உலகெங்கும் அப்படித்தான் நடந்தன. ஆனால் மாற்றுக் குரல் அவர் படம் எடுத்த சென்னையிலேயே இருந்தது. மாநிலங்களவையில் ருக்மிணி தேவி அருண்டேல் எடுத்த முயற்சியின் தொடர்ச்சியாகத்தான் 1960-ல் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் வந்தது. 1962-ல் அமைந்த விலங்குகள் நல வாரியத்துக்கு அவரே தலைவர். 'நல்ல நேரம்' வந்த அதே 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் நிறைவேறியது. எல்லாம் காகிதத்தில் இருந்தது. பிடி இறுக இன்னும் பல வருஷங்கள் ஆனது.

சரி, இப்போது நிலைமை என்ன? கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகியவற்றைப் பழக்கி வித்தை காட்டக் கூடாது என்று 1998-ல் மத்திய அரசு அறிவித்தது. இதே பட்டியலில் 2011-ல் காளையைச் சேர்த்தபோதுதான் ஜல்லிக்கட்டுப் பிரச்சினை பெரிதாக வெடித்தது, ஞாபகம் இருக்கும். யானை அந்தப் பட்டியலில் இல்லை. ஆனாலும் 2001 விதிகளின்படி எந்த விலங்கை நடிக்க வைப்பதாக இருந்தாலும் பதிவும் முன் அனுமதியும் வேண்டும். ஆடு, நாய், கோழிக்கும் இது பொருந்தும். அதனால்தான் இன்றைய படங்களில் புலியும் பாம்பும் பெரும்பாலும் கம்ப்யூட்டரில் பிறக்கின்றன.

1978 செப்டம்பரில் தேவர் காலமானார். ரஜினியை குதிரையில் ஏற்றி எடுத்த 'தாய் மீது சத்தியம்' அடுத்த மாதம்தான் திரைக்கு வந்தது. அவர் அதைத் தியேட்டரில் பார்க்கவில்லை.